பெய்லிஃப் பில்: இரண்டு ஆர்டருக்கு இரண்டு 235 பவுண்டா?

மாடிவீட்டுக்காரன்:
இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கி. இரண்டு வருடத்துக்கு இரண்டு லயபிலிட்டி ஆர்டர் (பாக்கியைக் கட்டவேண்டும் என்ற கோர்ட் உத்தரவு), ஒன்று 700 பவுண்ட், மற்றது 650. பெய்லிஃப், அதாவது பாக்கியை வசூலிக்கும், கட்டாவிட்டால் பொருளை எடுத்துப்போகும் ஆள், ஒரே ஒரு தடவை வந்தார், நான் வேலையில் இருந்தேன், கதவிடுக்கில் கடிதம் செருகியிருந்தது. அதில் கட்டணம் மட்டும் 620 பவுண்ட்! ஆளையே பார்க்காமல் போடலாமா?

கறார்பேர்வழி:
போடலாம். பெய்லிஃப் கட்டணத்துக்கான 2014 விதிகளிலேயே இருக்கிறது: கேஸ் கைக்கு வந்து நோட்டீஸ் அனுப்பும் கட்டத்துக்கு 75, வாசலுக்கு வந்தால் 235. கதவு திறந்ததா இல்லையா என்ற பேச்சே இல்லை. ஆர்டர் இரண்டு, அதனால் எல்லாமே இரண்டு. நோட்டீஸ் வந்தபோதே தவணை பேசியிருந்தால் 75ஓடு முடிந்திருக்கும்.

வரிக்குவரி:
முதல் பாதி சரி, "எல்லாமே இரண்டு" தவறு. அதே விதிகளில் 11ஆவதைப் பாருங்கள். ஒரே ஆள் மேல் பல ஆர்டர் இருந்து, சேர்த்துச் செய்ய முடியும் என்றால் சேர்த்தே செய்யவேண்டும். 75 ஒவ்வொன்றுக்கும் உண்டு, 235 ஒன்றுதான். ஆக 385.

கறார்பேர்வழி:
"முடியும் என்றால்" என்று நீங்களே சொல்கிறீர்களே! இரண்டாவது ஆர்டர் பிந்தி வந்தது என்பார்கள். 235க்காகக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றால் அவர்கள் செலவும் தலையில் விழும்.

வரிக்குவரி:
கோர்ட் என்று யார் சொன்னது? அது கடைசி வழி. முதலில் எந்த ஆர்டர் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, நோட்டீஸ் எப்போது போனது, எப்போது வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸுக்கும் வருகைக்கும் இடையில் முழுதாக ஏழு நாள் வேண்டும், ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. மழுப்பினால் கவுன்சிலுக்குப் புகார், ஏவிவிட்டது அவர்கள்தானே, அப்புறம் ஆம்புட்ஸ்மேன் (கவுன்சில் மேலான புகாரை விசாரிக்கும் நடுநிலை அதிகாரி).

எட்டிப்பார்த்தவள்:
பணத்தை நேரே கவுன்சிலுக்குக் கட்டிவிட்டால் பெய்லிஃப் கட்டணம் போய்விடும் என்கிறார்களே?

கறார்பேர்வழி:
வாட்ஸ்அப் சட்டம்! போகாது. பாதிப் பணம் வந்தால் முதலில் 75ஐக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கடனுக்கும் மற்றக் கட்டணத்துக்கும் விகிதப்படி பிரிப்பார்கள்.

வரிக்குவரி:
இதில் அவர் சொல்வது சரி. ஆனால் கடன்பட்டவர் கடும் நோயாளி மாதிரி நலிந்தவர் என்றால், பொருளைத் தூக்கும் முன் அவர் ஆலோசனை பெறப் போதிய அவகாசம் தரவேண்டும். தராவிட்டால் அந்த 235ஐ வசூலிக்க முடியாது.

மாடிவீட்டுக்காரன்:
நோட்டீஸ் இரண்டையும் தேடி எடுத்தேன். ஒரே தேதி.

கறார்பேர்வழி:
சரி, அப்படியானால் எழுதிக் கேளுங்கள், ஆனால் மற்றப் பணத்துக்கு இன்றே தவணை பேசிக் கட்ட ஆரம்பியுங்கள். சண்டை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பொருளை ஏற்ற வேனோடு வருவார்கள், அதற்கு 110 தனி.