செட்டிநாட்டு வளவுகளில் இத்தாலிய விளையாட்டு: நடத்துகிறவர்களின் அனுபவப் பகிர்வு

முகப்பு

கல்லூரி மாணவர்களுக்கு இத்தாலியன் பழக்க, கைபேசியில் இடம் காட்டி ஆடும் விளையாட்டைக் காரைக்குடிப் பக்கம் அமைக்க நினைப்பவர்களுக்கு முதல் செய்தி: வீட்டுக்குள் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். திறந்த வானத்தடியில் கைபேசி ஐந்து மீட்டர் வாக்கில் சரியாகவே காட்டும். முகப்பைத் தாண்டிப் பட்டாலைக்குள், அதாவது உள்கூடத்துக்குள், போனதும் தடித்த சுவரும் தேக்கு விட்டமும் சேர்ந்து புள்ளியைத் தெருவுக்குத் தள்ளிவிடும். முற்றத்தில் வானம் தெரிந்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் அலை உங்களை அடுத்த வீட்டில் நிறுத்திவிடும்.

அதனால் ஜிபிஎஸ் நிலையங்கள், அதாவது போய்ச் சேர்ந்ததும் கேள்வி திறக்கும் இடங்கள், தெருமுனை, ஊரணிப் படித்துறை, கோயில் வாசல் போன்ற வெளியிடங்களில் மட்டும். கேள்வி திறக்கும் வட்டம் 30 மீட்டர். 10 மீட்டர் வைத்தால் பிள்ளைகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள், மொழி பின்னால் போய்விடும். வீட்டுக்குள் கியூஆர் அட்டை வையுங்கள். பிழைதிருத்த அளவில் 'ஹெச்' தேர்ந்தெடுத்தால் முப்பது சதவீதம் வரை அழுக்குப் பட்டாலும் படிக்கும். அட்டையைச் சுவரில் ஒட்டவே கூடாது. பளபளக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு டேப்போடு உரிந்து வரும், அதே பதத்தில் திரும்பப் பூச இன்றைக்கு ஆள் கிடைப்பது அரிது. சின்ன மரத்தாங்கியில் செருகித் தரையில் வைத்தால் போதும்.

அனுமதி விஷயத்தில் அவசரம் வேண்டாம். பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொது. சாவி வைத்திருப்பவர் சரி சொன்னதோடு நிற்காமல், ஊரில் இருக்கும் பங்காளி ஒருவரிடமாவது நேரில் போய்க் கேளுங்கள். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் வரும் நாட்களையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

பட்டாலை

எனக்கு முன் பேசிய அண்ணன் சொன்ன 30 மீட்டர் சரி. கேள்வியைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் விடை வர வேண்டும். 'மார்மோ (பளிங்கு) என்றால் என்ன' என்பதை வகுப்பிலேயே கேட்டுவிடலாம், அதற்குக் கானாடுகாத்தான் வரை பேருந்து எதற்கு? 'குவாந்தே கொலோன்னே ச்சி ஸோனோ நெல் கொர்த்தீலே', முற்றத்தில் எத்தனை தூண் இருக்கின்றன என்று கேளுங்கள். எண்ணித்தான் ஆக வேண்டும். அந்த எண்ணே அடுத்த நிலையத்தின் பூட்டைத் திறக்கும் குறியாகட்டும். அடுத்து, எதனால் ஆனவை? மரத்தூண் என்றால் 'தி லென்யோ', கல் தூண் என்றால் 'தி பியேத்ரா'. காலடியில் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த பளிங்கு இருக்கும்போது 'இல் பவிமென்தோ ஏ தி மார்மோ', தரை பளிங்கால் ஆனது, என்ற வாக்கியம் தானாகவே மனதில் நிற்கும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு, அதாவது இங்கே வார்க்கும் பூப்போட்ட தரைக்கல்லுக்கு, இத்தாலியச் சொல் தேடுபவர்கள் பெரும்பாலும் 'ச்செராமிகா' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. அது சூளையில் சுட்ட ஓடு. ஆத்தங்குடிக் கல் சுடப்படுவதில்லை, சிமெண்டில் வார்த்துத் தண்ணீரில் ஊறவைப்பது. இத்தாலியப் பழைய வீடுகளிலும் பூவேலைப்பாட்டுச் சிமெண்ட் கல் உண்டு, அதன் பெயர் 'ச்செமென்தீனா'. பட்டறையில் நின்று பார்த்தால் ஏ2 (தொடக்கநிலையின் இரண்டாம் படி) நிலைக்கு ஒரு முழுப் பாடமே கிடைக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் அறைகளில் வண்ணக் கலவை. அச்சைத் தூக்கியதும் மேலே சிமெண்டும் மணலும். 'ப்ரீமா' (முதலில்), 'போய்' (பிறகு), 'இன்ஃபீனே' (கடைசியில்) என்று வரிசைப்படுத்திச் சொல்லச் சொல்லுங்கள். இங்கே வழக்கமான பிழை ஒன்று: வண்ணம் ஊற்றப்படுகிறது என்று சொல்ல, ஒரு வண்ணம் என்றால் 'ஸி வெர்ஸா இல் கொலோரே', பல வண்ணம் என்றால் 'ஸி வெர்ஸானோ இ கொலோரி'. இரண்டுக்கும் 'வெர்ஸா' போட்டுவிடுவார்கள். கண்ணெதிரே மூன்று கிண்ணம் வண்ணம் இருக்கையில் திருத்தினால் மறக்காது.

ஊரணிக்கரை

உச்சரிப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பலமும் ஒரு பள்ளமும் உண்டு. இரட்டை மெய் நமக்குப் பழக்கம்: புளி, புள்ளி. ஆகவே 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா என்ற வேறுபாடு ஒரே நாளில் பிடிபடும். பள்ளம் ஒற்றைத் த, க, ப. உயிர்களுக்கு நடுவே வந்தால் நம் நாக்கு அவற்றை மெல்லினமாய் இல்லாவிட்டாலும் மென்மையாக்கிவிடும். 'ஸேதே' என்றால் தாகம், அழுத்தமாய் வர வேண்டும். மென்மையாகச் சொன்னால் இருக்கை என்ற வேறு சொல்லாகக் கேட்கும். பயந்து அழுத்தினால் 'ஸெத்தே', ஏழு. தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் இவற்றில் தாகத்தையும் இருக்கையையும் பிரித்துக் காட்ட வழியில்லை. களத்துக்குப் போகும்போது தமிழில் எழுதிய இத்தாலியக் குறிப்பை வாங்கி வைத்துவிடுங்கள், ஒவ்வொரு நிலையத்திலும் இத்தாலியர் பேசிப் பதிந்த ஒலி இருக்கட்டும். கைபேசியின் குரல் தட்டச்சை நடுவராக வைக்காதீர்கள். முழு வாக்கியம் சொன்னால் அது சூழலை வைத்துத் தானே ஊகித்துச் சரியாக அடித்துவிடும், பிழை வெளியே தெரியாது.

நிலையம் சேர்ந்ததும் பேசிப் பதிய வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று. பையன் 'ஸோனோ அர்ரிவாதோ', பெண் 'ஸோனோ அர்ரிவாதா', குழுவாக 'ஸியாமோ அர்ரிவாதி', எல்லாரும் பெண்கள் என்றால் 'அர்ரிவாதே'. நம் 'வந்துட்டேன்' என்பதில் ஆண் பெண் தெரியாது, அதனால்தான் இது வழுக்கும். எட்டு நிலையம் முடிவதற்குள் எட்டு முறை சொல்லியிருப்பார்கள்.

இரண்டாங்கட்டு

ஒரு கைபேசிக்கு மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வார், ஒருவர் கைபேசியைப் பார்க்காமல் நடப்பார், ஒருவர் எழுதுவார். நிலையத்துக்கு நிலையம் மாற்றுங்கள். வழி சொல்பவர் 'வாய் த்ரித்தோ' (நேரே போ), 'ஜீரா ஆ தெஸ்த்ரா' (வலப்பக்கம் திரும்பு) என்று தோழரிடம் சொல்லலாம். விளையாட்டில் வரும் ஆச்சி பாத்திரத்திடம் அதையே 'வாதா', 'ஜீரி' என்று மாற்ற வேண்டும். 'நீங்க' பன்மை என்ற பழக்கத்தில் பிள்ளைகள் 'ஜிராதே' போட்டுவிடுவார்கள். இத்தாலியனில் மரியாதை படர்க்கை ஒருமையில் வரும் என்பதைப் புறப்படும் முன்பே இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

நியூ மெக்சிகோவில் ஸ்பானிஷ் மாணவர்களுக்கு அமைத்த 'மென்டீரா' என்ற கொலை மர்ம விளையாட்டில், ஆளுக்கு ஆள் வேறு துப்பு கிடைக்கும். பேசிப் பகிர்ந்தால்தான் கதை நகரும். இந்த உத்தி நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும்: ஒரு குழுவுக்குச் சாவியின் படம், இன்னொரு குழுவுக்கு அறையின் வருணனை.

விளையாட்டை அமைக்க, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உருவாக்கிய டேல்பிளேசர் போன்ற கருவி போதும், நிரல் எழுதத் தெரியாதவர்களும் திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கிச் செய்யலாம். விளையாட்டைக் கல்லூரி வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், உள்ளூர்த் தெருக்களில் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் திரை தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டினால் மின்கலம் காலி. இரண்டு குழுவுக்கு ஒரு பவர் பேங்க். கிளம்பும்போது அட்டைகளை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள், தாங்கி வைத்த இடத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு வாருங்கள்.