பவளத் தொட்டியில் சேரும் மீனுக்கு என்ன சொல்? (கலைச்சொல் இழை)

க.மு. எழுதியது:
வணக்கம். வீட்டில் கடல்நீர்ப் பவளத் தொட்டி வைப்போருக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகவேண்டும். ‘கம்பாட்டிபிள்’ (பிற மீன்களோடு ஒத்துவாழ்வது), ‘ரீஃப் சேஃப்’ (பவளத்தைக் கெடுக்காதது) இரண்டுக்கும் முதல் வரைவில் ‘ஏற்ற மீன்’ என்றே இருக்கிறது. அட்டவணையில் சிங்கமீன் வந்ததும் இது உடைகிறது. சிங்கமீன் பவளத்தைத் தொடாது. ஆனால் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் இறாலையும் விழுங்கிவிடும். நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீன் நேர்எதிர்: பிற மீன்களைப் பெரும்பாலும் சீண்டாது, தொட்டியில் களையாகப் பரவும் ஐப்டேசியா என்ற கடற்சாமந்தியைச் சில சமயம் தின்று உதவியும் செய்யும், கூடவே குழாய்ப்புழுக்களையும் சதைப்பற்றுள்ள பவளங்களையும் கொத்தும். இரண்டு தனிச் சொற்கள் வேண்டும்.

இரா.ப. எழுதியது:
வள்ளுவர் எப்போதோ கொடுத்துவிட்டார். ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று’ (890). ஒரே குறளில் உடம்பாடும் உடனுறைதலும் கிடைக்கின்றன. உடன்+படு = உடம்படு; ஒட்டாத இரண்டு உயிரெழுத்துகளைச் சேர்த்துவைப்பது உடம்படுமெய். ஆகவே ‘உடம்படு மீன்’, எதிர்ச்சொல் ‘உடம்படா மீன்’. குடங்கர் என்பதற்குப் பரிமேலழகர் குடில் என்றே பொருள் கொண்டார். நான் குடம் என்ற அடியிலிருந்து கலம் என்று கொள்வேன். அப்படியானால் கண்ணாடித் தொட்டிக்கே ‘குடங்கர்’ எனலாம்.

ந. எழுதியது:
ஐயா, ‘உடம்படு மீன்’ என்று அச்சிட்டால் படிப்பவர் உடம்பு என்றுதான் படிப்பார். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடையில் நிற்பவர் கேட்பது ‘இது அதோட சேருமா?’ என்பதைத்தான். ‘சேரும் மீன்’ போதும்.

சொல் எதுவானாலும் பொருளைக் கறாராக வரையறுங்கள். சண்டை பெரும்பாலும் இடத்துக்காகவும், ஒத்த நிறத்துக்கும் உடல்வடிவுக்கும்தான். ராயல் கிராமா, ராயல் டாட்டிபேக் என்ற இரண்டு மீன்களுமே பாதி ஊதா, பாதி மஞ்சள். சிறிய தொட்டியில் இரண்டையும் விட்டால் டாட்டிபேக் மற்றதை மூலையில் முடக்கிவிடும். 200 லிட்டருக்கு நான் எழுதித் தருவது: ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு ராயல் கிராமா, ஒரு மஞ்சள் கோபி, ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் கோமாளி மீன். விடும் வரிசையும் இதுவே. பயந்த மீன் முதலில், இடம் பிடிக்கும் மீன் கடைசியில். கோமாளிகளில் ஒன்று பெரியதாக, ஒன்று சிறியதாக வாங்கினால் பெரியது பெண்ணாகிவிடும், சண்டை குறையும். ஃபயர்ஃபிஷ் துள்ளி வெளியே விழும் என்பதால் மேலே வலைமூடி கட்டாயம். டாம்செல் மீன் மலிவு என்று முதலில் விடுபவர்கள், அது இடம் பிடித்து மற்றவற்றைத் துரத்தும்போது, அதைப் பிடிக்கக் கல் முழுவதையும் பிரிக்கவேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ம. எழுதியது:
இரண்டாவது சொல்லுக்கு வருவம். ரீஃபுக்கு எங்கள் பாடநூலில் ‘முருகைக்கற்பாறை’. பவளம் என்றால் இங்கே மாலையில் கோர்ப்பது. ‘முருகைக்குத் தீங்கற்ற மீன்’ என்று வையுங்கோ. ஆனால் ஆம், இல்லை என்று இரண்டு விடை மட்டும் போதாது. ஓரா இனத்து நரிமுக மீன் பாசியைத்தான் மேயும். பாசி தீர்ந்து பசித்தால் மென்பவளத்தைக் கடிக்கும். (முதுகு முள்ளில் நஞ்சு, அதையும் எழுதுங்கோ.) குள்ளத் தேவதை மீன்களில் ஒன்று வருடக்கணக்கில் சும்மா இருக்கும், அதே இனத்தில் இன்னொன்று முதல் வாரமே கொத்தும்.

செ. எழுதியது:
ரீஃபுக்கு மன்னார் வளைகுடாக் கடலோடிகளின் சொல் ‘பார்’. முத்துப்பார், தொலயிரம் பார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ‘பார்காப்பு மீன்’ என்றால் இரண்டே சொல்லில் முடிகிறது. மேலும் ‘பவளப்பாறை மீன்’ என்று எழுதினால் மீன் தெரிந்த எவரும் பாறை மீனை, குழம்புக்கு வாங்கும் அந்தப் பாறையைத்தான் நினைப்பார்.

ந. எழுதியது:
‘பார் மீன்’ என்றால் டாஸ்மாக் பக்கத்தில் வறுத்துத் தருவது.

இரா.ப. எழுதியது:
சிரிப்பதற்கு முன் வேரைப் பாருங்கள். பார் என்பதற்கு வன்னிலம் என்ற பொருளும் உண்டு. பார் > பாறை. உலகைக் குறிக்கும் பாரும் அதுவே என்பது என் துணிபு. கண்ணால் பார்த்தலையும் இங்கே சேர்க்கலாம், அதை விரிவாக நாளை…

க.மு. எழுதியது:
நாளை வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. மென்பொருளில் ஏற்கெனவே ‘இணக்கம்’ நிலைத்துவிட்டதால் பலர் அதற்கே சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். அட்டவணையின் முதல் நிரல் (நெடுவரிசை) ‘தொட்டி இணக்கம்’. இரண்டாவது ‘பவளத்துக்குத் தீங்கு’. விடை ‘இல்லை’, ‘பசித்தால்’, ‘உண்டு’. முருகை, பார் இரண்டும் அடிக்குறிப்பில் வரும்.

ம. எழுதியது:
அடிக்குறிப்பில் என்றாலும் சரி. ஆனால் இரண்டாவது நிரலில் கிளாத்தி (ட்ரிகர்ஃபிஷ்), பேத்தை (பஃபர்ஃபிஷ்) மீன்களை எங்கே வைப்பீர்கள்? பவளத்தை விட்டாலும் நத்தை, துறவி நண்டு, துப்புரவு இறால் எல்லாவற்றையும் நொறுக்கும். பவளத் தொட்டியில் பாசியைத் தின்பதும் மிச்ச உணவைத் துப்புரவாக்குவதும் அந்த நத்தையும் நண்டும் இறாலும்தான். ‘பவளத்துக்கு’ என்பதை ‘பவளம், முதுகெலும்பிலிக்கு’ என்று நீட்டவேணும்.

இரா.ப. எழுதியது:
பெரும்பான்மைக்கு அடங்குகிறேன், உடன்படவில்லை. இணக்கம் என்றால் இரு தரப்பும் விரும்புவது. டாட்டிபேக்கை முதலில் விட்டுக் கிராமாவைப் பின்னால் விட்டால் வரும் விளைவு வேறு, மாற்றி விட்டால் வேறு. வரிசையைப் பொறுத்து மாறுவது எப்படி இணக்கமாகும்?

ந. எழுதியது:
நியாயம். அதற்காகத்தான் புதிய மீனைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் அடைத்து, தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடுகிறோம். பழைய மீன் பெட்டியை முட்டுவதை நிறுத்திய பிறகே திறக்கவேண்டும். கையேட்டில் அந்தப் பத்தி விடுபட்டிருக்கிறது, சேருங்கள். இன்னொன்று: மாண்டரின் மீன். பிற இன மீன்களோடு சண்டை இல்லை, பவளத்தையும் கடிக்காது. இரண்டு நிரலிலும் நல்ல பெயர். ஆனால் புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். பெரும்பாலானவை கடையில் விற்கும் தட்டையுணவைத் தொடுவதே இல்லை, கல்லில் ஊரும் கோபிபாடு என்ற நுண்ணிய ஓட்டுயிர்களைப் பொறுக்கித்தான் உயிர்வாழும். மூன்றாவது நிரல் ‘உணவு’ இல்லாமல் அட்டவணையை அனுப்பாதீர்கள்.

க.மு. எழுதியது:
சேர்த்துவிட்டேன். கோபிபாடுக்கு ‘துடுப்புக்காலி’ என்று போடுகிறேன்.

செ. எழுதியது:
மீனின் துடுப்போடு குழம்பும். எதிர்க்கிறேன்.

க.மு. எழுதியது:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.