'எனக்கு வராது' என்ற எண்ணம் யோகப் பயிற்சியால் போகுமா?

கேள்வி:
கூட்டத்தில் பேச வேண்டும் என்றாலே 'எனக்குப் பேச வராது' என்ற நினைப்பு முன்னால் வந்து நிற்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் பிரதிபட்ச பாவனை என்று ஒன்று இருக்கிறது, கெட்ட எண்ணம் வந்தால் அதற்கு எதிரானதை நினை என்று படித்துவிட்டு, காலையில் எழுந்ததும் 'நான் நன்றாகப் பேசுவேன்' என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து 'சும்மா புளுகாதே' என்கிறது மனசு. என்ன தப்பு செய்கிறேன்?

பதில் 1:
நீங்கள் சொல்வது இரண்டாம் பாதத்தின் 33-ஆம் சூத்திரம். அந்த 2.33-ஐ மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். அடுத்த சூத்திரத்தையும் சேர்த்துப் படியுங்கள். பேராசை, கோபம், மயக்கம் இதில் எதிலிருந்து அந்த எண்ணம் கிளம்புகிறது, அதைப் பிடித்துக்கொண்டே போனால் துன்பமும் அறியாமையும்தான் மிஞ்சும் என்று பார்ப்பதைத்தான் பதஞ்சலி பாவனை என்கிறார். நல்ல வாக்கியத்தை ஜெபிக்கச் சொல்லவில்லை. 'வராது' என்று எழும்போது அதோடு சண்டை போடாதீர்கள். இதை நம்பி எத்தனை கூட்டத்தில் வாயே திறக்காமல் எழுந்து வந்தேன் என்று நேராகப் பாருங்கள், போதும்.

பதில் 2:
சரிதான், ஆனால் அந்த இடம் யம நியமங்கள் என்ற ஒழுக்க விதிகளை மீறத் தூண்டும் எண்ணங்களைப் பற்றியது. இவருடைய சிக்கல் அஸ்மிதை. அதாவது, மனதில் ஓடும் ஒரு விருத்தியை, ஒரு எண்ண அலையை, 'இதுதான் நான்' என்று எடுத்துக்கொள்கிறார். ஒரு சம்ஸ்காரம், அதாவது மனதில் பதிந்த தடம், மற்ற சம்ஸ்காரங்களைத் தடுக்கும் என்று 1.50-ல் வருகிறது. அங்கே பேச்சு சமாதியைப் பற்றி என்றாலும் நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். புதுத் தடம் விழ வேண்டுமானால் செய்தாக வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பதில் 3:
1.14-ஐ யாரும் சொல்லவில்லையே. நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு செய்தால்தான் பயிற்சி வேர் பிடிக்கும். கூடவே வைராக்கியமும் வேண்டும், அதாவது கேட்டுவிட்டு வந்து 'நன்றாகக் கேட்டேனா, சிரித்தார்களா' என்று மதிப்பெண் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது, பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், கொஞ்ச நாள் காணாமல் போன பயம் திடீரென்று திரும்பி வந்தால் பயிற்சி வீண் என்று நினைக்காதீர்கள். கிலேசங்கள், அதாவது மனதை வருத்தும் அடிப்படைக் குறைகள், உறங்கியும், மெலிந்தும், விட்டுவிட்டும், பொங்கியும் இருக்கும் என்று 2.4-லேயே சொல்லியாகிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
சரி, காலைப் புளுகை நிறுத்திவிடுகிறேன். கேட்கும்போது குரல் நடுங்கினால்?

பதில் 2:
நடுங்கட்டும். கேள்வியை முடித்துவிட்டு உட்காருங்கள்.