பிள்ளையின் காய்ச்சல்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

அண்ணி: மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது. இன்ஃபுளுவென்சாதானாம். ஒட்சிசன் குழாயை மாலையில் கழற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர்.

சித்தப்பா: முருகா! அப்பாயி கேட்கச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பீலியில், அந்த மலையூற்றுக் குழாயடியில், பச்சைத் தண்ணீரிலா குளிக்க வைத்தாய்?

அண்ணி: இல்லை சின்ன மாமா, வெந்நீர்தான். பனி இறங்குமுன்பே துவட்டிவிட்டேன். ஆனாலும் என் கவனக்குறைவுதானோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நான்: அண்ணி, அப்படி எழுதாதீர்கள். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. குளித்ததால் இன்ஃபுளுவென்சா வருவதில்லை.

சித்தப்பா: நம் தோட்டத்து லய வரிசை வீடுகளில் ஆறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஐந்து பேர் மூன்றாம் நாளே பந்து விளையாடுகிறார்கள். நம் பிள்ளை மட்டும் ஏன் ஆஸ்பத்திரியில்?

நான்: வைரஸ் ஒன்றுதான் சித்தப்பா, உடம்புகள் வேறு வேறு. அந்தக் காலத்தில் விடியுமுன் தப்படித்து லயத்தையே பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்புவார்கள் என்று அப்பாயி சொல்வாரே? கிருமி நுழைந்ததும் நம் உயிரணுக்கள் இன்டர்பெரோன் என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்து உயிரணுக்களை அப்படித்தான் எழுப்புகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஓசை சரியாக எழாது. பிரான்சில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று இதே காய்ச்சலில் உயிருக்குப் போராடியது. காரணம் 2015இல் வெளியானது. அந்த ஓசையை எழுப்ப உதவும் ஐ.ஆர்.எஃப்.7 என்ற மரபணுவின் இரு பிரதிகளுமே அக்குழந்தைக்குப் பழுது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. பெற்றோருக்குத் தலா ஒரு நல்ல பிரதி இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன்: நம் பிள்ளைக்கும் அதுவா?

நான்: அது மிக மிக அரிது அண்ணா. இவனுக்கு முன்பே மூச்சிழுப்பு இருக்கிறது, வீட்டில் விறகடுப்புப் புகை வேறு. மருத்துவரிடமே கேட்போம். வீடு வந்ததும் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

சித்தப்பா: தலைமுறை தலைமுறையாக மலைக்குளிரில் ஊறிய இரத்தம், எதையும் தாங்கும் என்றல்லவா நினைத்தேன்.

நான்: எல்லாவற்றையும் தாங்கும் இரத்தம் எவருக்கும் இல்லை. கொவிட் கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டும் மரபுத் துண்டு ஒன்று மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது, அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. தெற்காசியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதைச் சுமக்கிறோம். சுமக்கும் எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை; வயதும் நீரிழிவும்கூடச் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

சித்தப்பா: அப்பாயிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்லச் சொன்னார்: "தாயி, நீ முதலில் சாப்பிடு. கொத்தமல்லி இஞ்சி காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றியிருக்கிறேன். அது உனக்கு." பத்து மணி பஸ்ஸில் கொண்டுவருகிறேன்.