திம்பம் மலைப்பாதையில் கொதித்த இன்ஜின்: பழைய பிக்கப் வைத்திருப்போரின் அனுபவப் பகிர்வு

சத்தியமங்கலத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர், "வண்டி ஹீட் ஆகிறது" என்ற ஒரே வரியை மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்து வந்துவிடுகிறோம். எந்தப் பாதையில், எத்தனை மூட்டை பாரத்தில், எந்தக் கியரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது, எங்கே இறங்கியது என்று யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. இந்த ஒரு குறையால் தேவையே இல்லாத ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) வேலைக்கு நான் ஒப்புக்கொள்ளவிருந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என்னுடையது 2008-ஆம் ஆண்டு வண்டி, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், ஏ.சி. கிடையாது. இரண்டாம் கையாக வாங்கியது. தாளவாடிப் பக்கம் மாட்டுத்தீவனமும் உரமும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது முட்டைக்கோஸ் ஏற்றி வருவேன். பண்ணாரியைத் தாண்டியதும் திம்பம் ஏற்றத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கோபி சாலையில் 60 கி.மீ. வேகத்தில் எவ்வளவு தூரம் ஓடினாலும் நடுக்கோட்டிலேயே நிற்கும் முள், 1,200 கிலோ பாரத்துடன் மலை ஏறும்போது ஒன்பதாவது வளைவில் எழத் தொடங்கி, பதினான்காவது வளைவில் சிவப்பைத் தொட்டுவிடும். நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தால் இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். காலி வண்டியாக ஏறினால் இந்தத் தொல்லையே இல்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்றும், 18,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். அவர் இன்ஜின் எண்ணெயைக்கூடப் பார்க்கவில்லை என்பதால் என் மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை, இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருந்தபோது நானே சோதித்தேன். எண்ணெய் அளவுக் கம்பியிலும் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் மோர் கலந்தாற்போல வெளுப்பு எதுவும் இல்லை. ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்தபோது தண்ணீரில் தொடர்ச்சியாகக் குமிழிகள் வரவில்லை. பிறகு மூடியைப் போட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். அது மெதுவாகத்தான் இறுகியது. கேஸ்கட் கிழிந்து, எரியும் அறையின் வாயு தண்ணீருக்குள் நுழைந்தால், இன்ஜின் சூடாவதற்கு முன்பே, ஓரிரு நிமிடங்களில் அந்த ஹோஸ் கல்லைப் போல இறுகிவிடும். இந்த மூன்றும் இல்லாத நிலையில் ஹெட்டைக் கழற்றுவதற்கு அவசரம் இல்லை என்று முடிவு செய்தேன்.

சமவெளியில் காற்று தானாகவே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. மலையில் இரண்டாம் கியரில் மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்தில் ஏறும்போது இன்ஜின் தரும் வெப்பம் மிக அதிகம். எதிர்க்காற்றோ மிகக் குறைவு. ஆகவே மலையில் மட்டும் கொதிக்கும் வண்டியில், ஃபேன், ரேடியேட்டர், தண்ணீர் ஓட்டம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று, அல்லது ஒன்றுக்கு மேல், தன் முழு அளவுக்கு வேலை செய்யவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

ஃபேன் பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. சூடேறினால் இறுகிப் பிடித்து வேகமாகச் சுழலும் விஸ்கஸ் ஃபேனை, இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டுக் கையால் சுற்றினேன். தளர்ந்து சுழலாமல் பிடிப்புடன் நின்றது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. இந்த மூடியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி சரியாக இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். 180 ரூபாயில் புதிய மூடி போட்டதும் தண்ணீர் குறைவது நின்றது. முள் ஏறுவது நிற்கவில்லை.

அடுத்து, வெப்பநிலையைத் தொடாமல் அளக்கும் கருவி ஒன்றை வாங்கி, ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்தேன். ஒரு ஓரம் முழுவதும் மற்ற இடங்களைவிட மிகவும் குளிர்ந்திருந்தது. சூடான தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் போகவே இல்லை என்பது இதன் பொருள். பித்தளை ரேடியேட்டர் என்பதால், ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்து மேல் டேங்கை உருக்கிப் பிரித்தபோது, பல குழாய்களின் வாயில் வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார்கள். வெளிப்புறத் தகடுகளுக்கு இடையில் எண்ணெயும் தூசியும் தவிட்டுத் தூளும் சேர்ந்து அப்பியிருந்ததையும், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவினோம். இதற்குப் பின் பதினான்காவது வளைவைக் கடந்து இருபதாவது வளைவு வரை போக முடிந்தது. ஆனாலும் முள் சிவப்பைத் தொட்டது.

மீதிக் காரணம் நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் கூட்டைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. யாரோ கழற்றி வீசியிருக்கிறார்கள். "அதைக் கழற்றிவிட்டால் வண்டி ஹீட் ஆகாது" என்பது நம் பக்கத்துப் பட்டறைகளில் வேரூன்றிய நம்பிக்கை. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் எனும் குறுக்கு வழியாக நேரே வாட்டர் பாடிக்கு (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) திரும்புகிறது. சூடேறியதும் வால்வு திறக்கிறது. பல இன்ஜின்களில் அதே அசைவில் வால்வின் அடித்தட்டு இறங்கிப் பைபாஸின் வாயை அடைத்துவிடுகிறது. அப்போதுதான் முழுத் தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போகும். என் இன்ஜின் அந்த வகை. தெர்மோஸ்டாட் இல்லாததால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடந்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பத் திரும்ப இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தட்டு இல்லாத இன்ஜின்களில் இந்தத் தீங்கு இல்லாவிட்டாலும், சமவெளியில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமலே ஓடித் தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

82 டிகிரி என்று பொறித்த புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கி, பொருத்தும் முன்பு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். முதலில் வாங்கியது தண்ணீர் கொதித்த பிறகும் திறக்கவில்லை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது, சரியாக 82, 83 டிகிரியில் திறக்கத் தொடங்கியது. அதிலுள்ள சிறு காற்றுத் துளை மேல்நோக்கி இருக்குமாறு பொருத்தி, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த நிலையிலிருந்து ஓடவிட்டுக் காற்று முழுவதும் வெளியேறும் வரை கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினேன். அடுத்த நடையில் அதே பாரத்துடன், அதே மதிய நேரத்தில் திம்பம் உச்சியை அடைந்தபோது, முள் நடுக்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து:

ஐயா, உங்கள் வண்டிக்கு நேர்மாறாக என்னுடையது ஊருக்குள் நெரிசலில் ஒன்றும் செய்யாது. நான்கு வழிச் சாலையில் 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால்தான் கொதிக்கும். காற்று நன்றாக அடிக்கும் இடத்தில் கொதிப்பதால் ஃபேன் மீது ஐயம் கொள்ளத் தேவையில்லை, தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள் என்று மூத்த மெக்கானிக் ஒருவர் சொன்னார். வண்டியை நிறுத்தி, ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, அவர் டார்ச் அடித்துக் கீழ் ஹோஸைக் காட்டினார். இன்ஜின் வேகம் கூடக் கூட அந்த ஹோஸ் வயிறு ஒட்டித் தட்டையானது. வாட்டர் பாடி தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. நின்ற வண்டியில், மெதுவான ஓட்டத்தில் பார்த்தால் அந்த ஹோஸ் முற்றிலும் நன்றாகவே தெரியும். அதற்கு முன்பு ரேடியேட்டரையும் வாட்டர் பாடியையும் நான் வீணாக மாற்றியிருந்தேன்.

கம்பத்திலிருந்து:

எனக்குக் கேஸ்கட்டே போனது. அதற்கு நானே காரணமானேன் என்பதால் எழுதுகிறேன். குமுளி ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போனது. இன்னும் சற்றுத் தூரம்தானே என்று ஓட்டினேன். திடீரென முள் சடசடவென்று கீழே இறங்கியதும், சூடு தணிந்துவிட்டது என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டினேன். உண்மையில் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வெளியேறியிருந்தது. சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாதபோது அது இன்ஜினின் சூட்டைச் சரியாகக் காட்டாது. சிவப்பிலிருந்து முள் திடுமென இறங்கினால் அந்த நொடியே இன்ஜினை அணைத்துவிடுங்கள். நான் அணைக்காததால் ஹெட் வளைந்தது. நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோது 0.2 மி.மீ. இடைவெளி இருந்தது. லேத்தில் முகம் சீவி, புதிய கேஸ்கட்டும் போல்ட்டுகளும் போட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அன்று பதற்றத்தில் என் தம்பி சூடான மூடியைத் திறக்கப் போனான். நல்லவேளையாகக் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஹோஸ் வெடிக்காமல் அழுத்தம் உள்ளேயே இருந்திருந்தால், கொதிநீர் முகத்துக்கே பீறிட்டிருக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் அதே அளவுக்கு ஆபத்து. ஹெட் விரிசல் விட்டுவிடும்.

சத்தியமங்கலத்திலிருந்து, மீண்டும்:

கம்பத்து நண்பர் சொன்ன முள் இறங்கும் செய்தி எனக்குப் புதியது, மிக்க நன்றி. என்ன தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தனியாகக் கேட்டவருக்கு: கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. எங்கள் மலையில் உறைபனிக்காக அது தேவையில்லை. துருவையும் சுண்ணாம்பையும் தடுப்பதற்கும், கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதற்கும்தான். வழியில் வேறு வழியின்றிக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், அந்த வாரமே முழுதாக வடித்து மாற்றிவிடுகிறேன். இப்போது டேஷ்போர்டில் ஒரு சிறு நோட்டும் வைத்திருக்கிறேன். ஒன்பதாவது, பதினான்காவது, இருபதாவது வளைவுகளில் முள் எங்கே நின்றது என்பதையும் அன்றைய பாரத்தையும் அதில் குறித்து வருகிறேன். சென்ற வாரம் இருபதாவது வளைவில் முள் வழக்கத்தைவிட ஒரு நூல் மேலே இருந்தது. இறங்கிப் பார்த்தபோது ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது.