லாரியில் பாட்டு செட்டு மாட்டி, மாட்டிக்கொண்ட கதைகள் (சேலம் பக்கம்)

பத்து சக்கரம்:
இன்னும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். சேலத்தில் நாலு ஸ்பீக்கரும் ஒரு ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) மாட்டினேன். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட், பாட்டு செட்டுக்கு 12 தான் வேண்டும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போடாமல், இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். பாட்டு அருமை. 50 நாள் ஓடியது. ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும்போது தொப்பூரில் டீக்கு நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரிப் பெட்டியைத் திறந்து கை வைத்தேன். ஒன்று தோசைக்கல் மாதிரி சுடுகிறது, ஒட்டி இருக்கிற இன்னொன்று பச்சைத் தண்ணீர். ஒரே நாளில் வாங்கிய ஜோடி!

ஏற்காடு லோடு:
உங்களுக்குச் சூடு, எனக்குப் புகை அண்ணா. என்னுடையது சின்ன வண்டி, 12 வோல்ட்தான், அந்தத் தொல்லை இல்லை. மலையிலிருந்து காப்பி மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். 20 கொண்டை ஊசியில் பாதி தாண்டியிருப்பேன், டேஷ்போர்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரம் கட்டிச் சாவியைப் பிடுங்கினேன். எஞ்சின் நின்றது, பாட்டு நின்றது, புகை நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது, வண்டி பாட்டுக்கு எரிகிறது! 10-ஆம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து பேட்டரி டெர்மினலைக் கழற்றும் வரை உயிர் உயிராக இல்லை. அப்புறம் பார்த்தால், ஒயர் தகட்டு ஓட்டைக்குள் நுழைகிற இடத்தில் தோல் அறுந்து பாடியில் உரசியிருக்கிறது. பியூஸ்? இருந்தது, ஆம்புக்குப் பக்கத்தில்.

அடிவாரம் ஒயர்மேன்:
ஆளாளுக்கு மாட்டிக் கொடுத்தவனையே சொல்லுங்கள். கன்வர்ட்டர் விலையைக் கேட்டதும் "அது வேண்டாம், வேற வழி பாருங்க" என்பது யார்? தினமும் கேட்கிறேன். என் கதை சின்னது: படுக்கைக்கு அடியில்தான் ஆம்பு வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார், வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஆம்பின் அச்சு கறுப்பாக விழுந்திருந்தது. காற்றோட்டம் இல்லை.

சரி, பத்து சக்கரம் விஷயம். ஒரு பேட்டரியில் மட்டும் லோடு கொடுத்தால் அது காலியாகிக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது, இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் தள்ளும். காலியானது 12, 13-லேயே நிற்க, மற்றது 15-க்கு மேல் வாங்கிக் கொதிக்கும். சுட்டது பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பேட்டரி. பாடினது செத்துக் கிடந்தது.

கன்வர்ட்டரிலும் கணக்கு இருக்கிறது. 60 வாட் வீதம் நாலு சேனல் (ஸ்பீக்கருக்கு ஒன்று) முழுதாகப் பாடினால் சாதாரண ஆம்பு 12 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 10 ஆம்பியர் கன்வர்ட்டர் போட்டால் தாங்காது. ஒயர் தடிமன் 8 கேஜ், முழுச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை வாங்காதீர்கள். பியூஸ் காப்பது ஒயரைத்தான், அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். ஏற்காட்டுத் தம்பிக்கு ஒயர் உரசியது பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில், புகை நிற்காததற்கு அதுதான் காரணம். தகட்டு ஓட்டைக்கு ரப்பர் கிரோமெட் (விளிம்பில் மாட்டும் வளையம்), பத்து ரூபாய்ச் சாமான். எர்த்தை (பாடியில் முடுக்கும் மைனஸ் ஒயர்) பெயிண்ட் மேலேயே முடுக்காமல், சுரண்டி வெறும் இரும்பில் முடுக்கவும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடவும்.

மஞ்சவாடி கணவாய்:
எல்லாம் சரி, மலை ரோட்டில் 240 வாட் எதற்கு? ஒரு வளைவில் கீழிருந்து ஏறி வந்த பஸ் அடித்த ஹாரன் எனக்குக் கேட்கவே இல்லை. பிரேக்கை மிதித்து நின்ற பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அம்மா பெயரோடு ஏதோ சொன்னார். பின்னணியில் எனக்குத் தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பத்து சக்கரம்:
ஒயர்மேன் அண்ணா, கன்வர்ட்டர் விலையைக் கேட்டு வேண்டாம் என்றது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். புது பேட்டரி ஜோடி வாங்கின காசில் மூன்று கன்வர்ட்டர் வாங்கியிருக்கலாம். இப்போது போட்டாச்சு. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஙொய்ங்" என்று ஒரு சத்தம் ஏறுகிறது. கிளீனர் பையன் டர்போ சத்தம் என்று சந்தோஷப்படுகிறான். சிக்னல் ஒயரையும் கரன்ட் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டியதாலா? நாளைக்கு லோடு இல்லை, பிரித்துப் பார்க்கிறேன்.