முகென்ல சொந்த கேரக்டர்: உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே. ரசிகர்களே செய்யுற சண்டை கேம் ஒண்ணு நானும் தம்பியும் சேர்ந்து செய்யுறோம். படம் வரையறது அவன், புரோகிராம் கோட் எழுதுறது என் பொறுப்பு. இதுக்கு 1999ல வந்த முகென்ங்கிற சண்டை கேம் என்ஜின் (கேம் செய்யுற சாஃப்ட்வேர்) போதுமா, இல்ல அதோட கேரக்டர்களை அப்படியே ஏத்துக்கிற ஓப்பன் சோர்ஸ் என்ஜின் இகேமன் கோ நல்லதா?

முகென் கூடவே வர்ற குங் ஃபூ மேன்ங்கிற மாதிரி கேரக்டரோட ஃபோல்டரை காப்பி பண்ணி, பேர் மாத்தி, கேரக்டர் பட்டியல் இருக்கிற செலக்ட் டாட் டெஃப் ஃபைல்ல சேர்த்தாச்சு. ஆள் திரையில வர்றான், அவ்வளவு சந்தோஷம்! கேரக்டரை எடிட் பண்ற ஃபைட்டர் ஃபேக்டரில திறந்தா, அடிக்கிற இடத்தைக் காட்டுற பெட்டி சிவப்பு, அடி வாங்குற இடத்தைக் காட்டுறது நீலம்னு புரியுது. கேரக்டர் எப்படி நடந்துக்கணும்னு எழுதுற சிஎன்எஸ் ஃபைல்ல, அடி பட்டா என்ன ஆகணும்னு சொல்ற ஹிட்டெஃப் பகுதியை எழுதுறதுதான் பிடிபடல. குத்து பட்டதும் எதிராளி எவ்வளவு தள்ளிப் போகணும், ரெண்டு பேரும் எத்தனை ஃப்ரேம் உறைஞ்சு நிக்கணும்னு எதை வச்சு முடிவு பண்றீங்க? தம்பியோட படங்களையெல்லாம் ஒரே 256 நிற பேலட்டுக்குள்ள (நிறத் தொகுப்பு) கொண்டுவர எந்த டூல் வசதி? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.